அம்மாவுக்கு ஒரு ஜப்பானியச் சொல்

ஜப்பானிய மொழி வகுப்பில் ஒரு மாதம் போனதும் குடும்பப் பாடம் வரும். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாருக்கும் சொல் கற்றுக்கொடுத்துவிட்டு, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் எழுந்து நின்று சொல்லச் சொல்வார்கள். ‘ஹஹா வா’ என்று ஆரம்பிக்க வேண்டும். என் அம்மா என்று அர்த்தம். நடுவில் வேலையின் பெயரைப் போட்டு ‘தெஸ்’ என்று முடித்தால் வாக்கியம் ஆயிற்று. 1994-இல் சென்னையில் நான் சேர்ந்திருந்த மாலை வகுப்பில் 18 பேர். பதினாலு பேருடைய அம்மாக்கள் ‘ஷுஃபு’. இல்லத்தரசி. இரண்டு அம்மாக்கள் டீச்சர். ஒருவருடைய அம்மா வங்கியில். மிச்சம் இருந்தது நான்.

என் அம்மா மயிலாப்பூரில் ஐந்து வீடுகளில் வேலை செய்தாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, முதல் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவதில் ஆரம்பிக்கும். பிறகு பத்துப்பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது என்று மத்தியானம் இரண்டு மணி வரை ஓடும். சாயங்காலம் மறுபடி இரண்டு வீட்டுக்குப் பாத்திரம். சபீனா பொடி அரித்து அரித்து அவள் விரல் நுனியில் ரேகை மழுங்கிப்போயிருந்தது. ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தால் மை அப்பினதுபோல் வட்டமாக விழும், கோடு விழாது. கடைக்காரர் மறுபடி வைக்கச் சொல்வார். மறுபடியும் அப்படித்தான் விழும்.

இந்த வேலைக்கு ஜப்பானிய மொழியில் என்ன பெயர் என்று முதல் நாள் ராத்திரியே தேடி வைத்திருந்தேன். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய அகராதி, அட்டை கிழிந்துபோனது. அதில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று ‘கெஜொ’. அதை எழுதும் முதல் எழுத்துக்குக் ‘கீழ்’ என்றும், இரண்டாவது எழுத்துக்குப் ‘பெண்’ என்றும் பொருள். கீழ்ப் பெண். இன்னொன்று ‘ஜொச்சூ’. அதில் பெண் என்ற எழுத்தும் நடு என்ற எழுத்தும் இருந்தன. கீழ் இல்லை என்பதால் நடுவை எடுத்துக்கொண்டேன். பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

‘ஹஹா வா ஜொச்சூ தெஸ்.’

எங்கள் சென்செய்க்கு, அதாவது ஆசிரியைக்கு, அப்போது அறுபது வயது இருக்கும். கணவரின் வேலைக்காகச் சென்னைக்கு வந்து தங்கியிருந்த ஜப்பானிய அம்மா. ஒவ்வொருவரும் சொன்ன வேலையின் பெயரைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தவர், என்னுடையதை எழுதவில்லை. சாக்பீஸ் பலகையருகே போய் நின்றது, பிறகு இறங்கிவிட்டது. வகுப்பில் யாருக்கும் அந்தச் சொல் தெரியாததால் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மட்டும் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். அந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று கேட்டார். அகராதியைக் காட்டினேன். முன்பக்கத்தைப் புரட்டி, இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அச்சடித்தது என்றார். “தப்பான சொல் இல்லை, பழைய சொல். இப்போது யாரையும் நேரில் அப்படிச் சொல்வதில்லை. சொன்னால் மனசு புண்படும்” என்று மெதுவாகச் சொன்னார். என் நோட்டை வாங்கி, ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தார். ‘ஒதெட்சுதாய் சான்.’ உதவி செய்கிறவர் என்று அர்த்தம். கடைசியில் இருக்கும் ‘சான்’, நம் ‘அவர்கள்’ போன்ற மரியாதை. அந்தச் சொல்லில் மரியாதை ஒட்டிக்கொண்டே பிறந்திருக்கிறது, அதைப் பிய்த்துவிட்டுச் சொன்னால் வெறும் ‘உதவி’ என்றாகிவிடும், ஆள் போய்விடும்.

உச்சரிப்பு மறக்காமல் இருக்கப் பக்கத்தில் தமிழிலும் எழுதி வைத்தேன். தமிழில் எழுதினால் அந்தச் சொல்லின் வாலில் ‘தாய்’ என்று வந்து நிற்கும். ஜப்பானிய மொழிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவர்கள் சொல்வது மெலிந்த ‘த’. ஆனாலும் அன்றைக்கு பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் சென்செய் தன் வீட்டுக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய சிறு வயதில், தோக்கியோவில், அவரைத் தூக்கி வளர்த்த ஒரு பெண் இருந்தாள். வடக்கே ஏதோ மலைக் கிராமத்திலிருந்து வந்தவள். குழந்தைகள் அப்படிப்பட்ட பெண்ணை ‘நேயா’ என்று கூப்பிடுவார்கள், நம் அக்கா மாதிரி. வயதான வேலைக்காரப் பாட்டியென்றால் ‘பாயா’. பெரியவர்கள் அதே பெண்ணை மூன்றாம் மனிதரிடம் பேசும்போது ‘ஜொச்சூ’ என்பார்கள். சமையலறையை ஒட்டி மூன்று பாய் அகல அறைதான் அவளுக்கு. வீட்டுக்காரர்கள் வாசல் வழியாக வருவார்கள். அவளும் மீன்காரரும் ‘கத்தெகுச்சி’ என்ற சமையலறைப் பின்கதவு வழியாக. போர் முற்றியதும் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சென்செய்க்கு அப்போது பத்து வயது. ‘ஆகாதொம்போ’ என்ற தும்பிப் பாட்டை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, அதில் வரும் நேயா பதினைந்து வயதில் கல்யாணமாகிப் போய்விடும் இடத்தில் சென்செய் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே பாடினார். மிகி ரோஃபு அதை எழுதியது 1921-இல், யமாதா கோசாக்கு மெட்டமைத்தது 1927-இல். இன்றைக்கும் ஜப்பானில் அந்தப் பாட்டுத் தெரியாத ஆள் கிடைப்பது அரிது. ஒரு வேலைக்காரச் சிறுமியை ஒரு தேசமே நினைத்து நினைத்துப் பாடுகிறது, அவள் பெயர் அதில் இல்லை.

ஜொச்சூ என்ற சொல் கீழே பிறந்த சொல்லே இல்லை என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜப்பானின் ‘எதொ’ ஆட்சிக் காலத்தில், நாட்டை ஆண்ட ஷோகுனின் கோட்டைக்குள் அந்தப்புரத்தில் பணிசெய்த பெண்களுக்கு ‘ஒக்கு ஜொச்சூ’ என்று பெயர். அது அந்தஸ்தான சொல். சாதாரண வீட்டு வேலைக்காரிதான் கெஜொ. நத்சுமே சோசெகி 1906-இல் எழுதிய ‘பொச்சான்’ நாவலில், பெற்றவர்களே வெறுத்த பையனைக் கடைசிவரை நம்பும் கியோ என்ற கிழவி ஒரு கெஜொ. அந்தப் புத்தகத்தில் அவளைவிடப் பெரிய மனசு யாருக்கும் இல்லை, அவளுக்குப் பெயரோ கீழ்ப் பெண். காலப்போக்கில் கெஜொ என்பது கூச்சமாகிப்போய், கோட்டையிலிருந்து ஜொச்சூவை எடுத்துச் சாதாரண வீட்டு அடுக்களையில் வைத்தார்கள். அங்கே கொஞ்ச காலம் இருந்த பிறகு அதுவும் அழுக்கேறிவிட்டது. போருக்குப் பிறகு, கிராமத்துப் பெண்களுக்குத் தொழிற்சாலையும் அலுவலகமும் திறந்தன. தங்கி வேலை செய்ய ஆள் கிடைப்பது குறைந்தது. அப்போதுதான் ஒதெட்சுதாய் சான் பரவலாக வந்தது. தனிசாக்கி ஜுனிச்சிரோ 1963-இல் வெளியிட்ட ‘தாய்தொக்கொரோ தைஹெய்கி’ அவர் வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றியது. இப்போதெல்லாம் ஜொச்சூ என்று சொல்லக் கூடாதாம், பெயரை மொட்டையாகக் கூப்பிடவும் கூடாதாம் என்ற அங்கலாய்ப்போடுதான் அது தொடங்குகிறது. பிறகு பத்திரிகைகளும் ஒலிபரப்பும் ஜொச்சூவைக் கைவிட்டன. விடுதிகளில் பரிமாறும் பெண்களுக்கு ‘நகாய்’ என்ற சொல் நிலைத்தது.

பெயரை மாற்றி வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. கோதா ஆயா 1955-இல் எழுதிய ‘நகரேரு’ நாவலில், கெய்ஷா வீட்டுக்கு வேலைக்கு வரும் விதவையின் பெயர் ரிகா. சொல்லச் சிரமமாக இருக்கிறது என்று வீட்டுக்காரி அவளுக்கு வேறு பெயர் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா வேலை செய்த முதல் வீட்டில் மாமியாருடைய பெயரும் அம்மாவுடைய பெயரும் ஒன்று. மாமியார் பெயரைச் சொல்லி ஒரு மருமகள் ஏவ முடியுமா? அதனால் மாமி அம்மாவுக்கு வேறு பெயர் வைத்தார். இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் அம்மா அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் உண்மைப் பெயர் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். 1996-இல் சென்னைக்கு வெளியே ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தன்விவரப் படிவத்தை ஜப்பானிய எழுத்தில், கையால் எழுதித் தர வேண்டும். அம்மாவின் தொழில் என்று ஒரு கட்டம். ஒதெட்சுதாய் சான் எனக்குத் தெரியும். சென்செய் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். நான் ‘ஷுஃபு’ என்று எழுத முடிவு செய்தேன். எழுத்து அழகாக விழ வேண்டுமே என்று வீட்டில் தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பழகினேன்.

சாயங்கால வேலை முடித்து வந்த அம்மா, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. ஷுஃபுவின் இரண்டாவது எழுத்தைக் காட்டிக் கேட்டாள்.

“இன்னாடி இது, பூச்சி மாதிரி?”

“ரெண்டு எழுத்து சேர்ந்ததும்மா. இடது பக்கம் இருக்குறது பொம்பளை. வலது பக்கம் இருக்குறது தொடப்பம்.”

“தொடப்பமா?” விரலால் தொட்டுப் பார்த்தாள். மை காயாததால் கொஞ்சம் இழுவியது. “பொம்பளையும் தொடப்பமும் சேர்ந்தா இன்னா?”

“வீட்டுல இருக்குற அம்மான்னு அர்த்தம். கம்பெனியில அம்மா இன்னா வேலைன்னு கேக்குறாங்க. வீட்டுல இருக்காங்கன்னு எழுதுறேன்.”

அம்மா நிமிர்ந்து, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். போகும்போது கேட்டாள்.

“எந்த வூட்லன்னு கேக்கலியா?”

கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அதுதான் சந்தேகம். நான் பதில் சொல்லாமல் அடுத்த வரியை எழுதினேன். சென்செய் அந்தப் படிவத்தைப் பார்த்துக் கொடுத்தபோது இரண்டு இடத்தில் கோட்டின் வரிசையைத் திருத்தினார். சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்தது.

2001-இல் நிறுவனம் என்னை ஜப்பானுக்கு அனுப்பியது. பிறகு வேறு வேலை, கல்யாணம், குழந்தை என்று இங்கேயே தங்கிவிட்டேன். தோசாய் ரயில் பாதையில் நிஷிகசாய் என்ற இடத்தில், இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதியில் வீடு. நான் வந்திறங்கிய அதே வருஷம் அக்கிஹாபாராவில், வேலைக்காரி உடுப்பில் பெண்கள் பரிமாறும் முதல் ‘மெய்தோ கஃபே’ திறந்திருந்தது. கறுப்பு கவுன், வெள்ளை ஏப்ரன், தலையில் சுருக்கு வைத்த பட்டி. இளம்பெண்கள் தெருவில் நின்று நோட்டீஸ் கொடுத்தார்கள். ‘மெய்தோ’ என்றால் என்ன என்று இன்றைக்கு ஒரு ஜப்பானியப் பிள்ளையைக் கேட்டால் அந்த உடுப்பைத்தான் சொல்லும். அதற்குள் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண் இருந்தாள் என்பது ஞாபகத்துக்கு வராது.

நிஜமாக வேலை செய்கிறவருக்கு நான் அதிகம் கேட்ட சொல் ‘கசேஃபு’. வீட்டை நிர்வகிக்கும் பெண். தரகு நிலையத்தில் பதிந்து, பழகிய கையோடு வேலைக்கு வரும் நடுவயதுப் பெண்மணி என்ற சித்திரம் அதற்கு உண்டு. 1983-லிருந்து 2008 வரை இச்சிஹாரா எத்சுகோ கசேஃபுவாக நடித்து, பணக்கார வீடுகளின் ரகசியத்தைக் கதவிடுக்கில் பார்க்கும் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. 2011-இல், நிலநடுக்கமும் சுனாமியும் வந்த அந்த வருஷக் கடைசியில், ‘கசேஃபு நொ மிதா’ என்ற தொடரின் கடைசிப் பகுதியை 40 சதவிகிதம் வீடுகள் பார்த்தன. தாயை இழந்த நாலு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள் ஒருத்தி. நானும் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன்.

அந்தச் சொல்லை முதன்முதலில் எழுத்தில் பார்த்த நாளைத்தான் மறக்க முடியவில்லை. நிஷிகசாய் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தரகு நிலையத்தின் பலகை. மூன்று எழுத்து. வீடு, நிர்வாகம், மூன்றாவது... நான் தரையில் உட்கார்ந்து பழகிய அதே எழுத்து. பெண்ணும் துடைப்பமும். ஷுஃபுவில் இருக்கும் ‘ஃபு’வும் கசேஃபுவில் இருக்கும் ‘ஃபு’வும் ஒன்றுதான். சொந்த வீட்டில் பெருக்குகிறவளுக்கும் அடுத்த வீட்டில் பெருக்குகிறவளுக்கும் ஒரே துடைப்பம். அம்மாவை மறைப்பதற்காக ஐந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிய சொல்லிலேயே அவள் கையும் துடைப்பமுமாக நின்றிருக்கிறாள். ரயிலுக்கு நேரமாகியும் அந்தப் பலகை முன்னால் நின்றேன்.

அந்த எழுத்தையும் இப்போது விலக்கிக்கொண்டு வருகிறார்கள். செவிலியருக்கான சொல்லிலிருந்து 2002-இல் சட்டப்படி எடுத்தார்கள். ஆண்களும் செய்யும் வேலைக்குப் பெண் எதற்கு என்பது நியாயமான காரணம். கசேஃபுவுக்கும் ‘கசேஷி’ என்று ஒரு பதிலி வந்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டுப் பெருகியிருக்கும் சொல் ‘கஜி தாய்க்கோ’. வீட்டுக் காரியத்தை உங்களுக்குப் பதிலாகச் செய்து தருவது. கூர்ந்து பார்த்தால் அந்தச் சொல்லில் ஆளே இல்லை, காரியம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. கெஜொ என்று இழிவாகச் சொன்னபோதுகூட ஒரு பெண்ணைத்தான் சொன்னார்கள்.

குறை சொன்ன நானே அந்த வேலையின் நல்ல பக்கத்தையும் நேரில் பார்த்தேன். 2023-இல் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று, இரண்டாவது குழந்தை பிறந்திருந்த நேரம், என் உதவியைக் கேட்டது. அந்த வீட்டுத் தம்பி முதலில் தானே ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்து, ‘மெய்தோ’ வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எதிர்முனையில் இருந்த பெண் ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். “அக்கா, மெய்டுக்கு இங்க என்னதான் சொல்லணும்?” என்று என்னிடம் வந்தார். நான் பேசினேன். மணிக்குச் சுமார் 3000 யென், வாரம் ஒரு நாள், மூன்று மணி நேரம்.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். முன்வாசலில் மணி அடித்து, பெயர் சொல்லி, குனிந்து வணங்கிவிட்டு உள்ளே வந்தார். பையிலிருந்து தன் சொந்தச் செருப்பையும் ஏப்ரனையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். எதை எந்தத் துணியால் துடைக்க வேண்டும், எந்த அலமாரியைத் திறக்கக் கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சாம்பார் அடிப்பிடித்த குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றி வைத்தார். அவர் அந்த வாஷர் வளையத்தைக் கழற்றி இடுக்கில் நகத்தை விட்டு வழித்த விதம் அப்படியே அம்மா. குழந்தை பெற்ற அந்த வீட்டுப் பெண் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள், “அக்கா, இவங்கள என்னன்னு கூப்பிடுறது?” குடும்பப் பெயரோடு சான் சேர்த்துக் கூப்பிடும்மா என்றேன். அவ்வளவுதான் விஷயம். மூன்று வயதுப் பிள்ளையும் அப்படியே கூப்பிடக் கற்றுக்கொண்டான். வேலை முடிந்ததும் அவர் வந்த வழியாகவே, முன்வாசல் வழியாகவே, போனார்.

2017-லிருந்து தனிப் பொருளாதார மண்டலங்களில் பிலிப்பைன்ஸ் பெண்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கான அரசாங்கச் சொல் வீட்டுக் காரிய ஆதரவுப் பணியாளர் என்ற பொருளில் நீளமாக இருக்கும். அவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள், வேலை செய்யும் வீட்டிலேயே தங்கக் கூடாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஜப்பானின் தொழிலாளர் தரநிலைச் சட்டம் 1947-இல் வந்தது. எட்டு மணி நேர வேலை, ஓய்வு, விடுமுறை எல்லாம் அதில்தான். அதன் 116-ஆவது பிரிவில் ஒரு வரி, இந்தச் சட்டம் ‘கஜி ஷியோநின்’னுக்குப் பொருந்தாது என்கிறது. கஜி என்றால் வீட்டுக் காரியம். ஷியோ என்றால் பயன்படுத்துவது. நின் என்றால் ஆள். வீட்டுக்காரர் நேரடியாக வைத்துக்கொள்ளும் வேலைக்காரருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் இது. வாயில் யாரும் சொல்லாத சொல். தெருவில் ஜொச்சூ போய், ஒதெட்சுதாய் சான் வந்து, கசேஃபு வந்து, கஜி தாய்க்கோ வந்த அத்தனை வருஷமும் சட்டப் புத்தகத்துக்குள் இது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

2024 செப்டம்பரில் ஒரு நாள் ரயிலில் செய்தி படித்தேன். 2015 மே மாதம் 68 வயதுப் பெண் ஒருவர், படுக்கையில் கிடக்கும் முதியவர் வீட்டில் ஒரு வாரம் ராப்பகலாகத் தங்கி வேலை செய்திருக்கிறார். வாரம் முடிந்த அன்றே மயங்கி விழுந்தவர் பிழைக்கவில்லை. கணவர் இழப்பீடு கேட்டார். ஒரே வீடு, ஒரே முதியவர், ஒரே பெண். ஆனால் முதியவரைப் புரட்டிப்போட்டுத் துடைத்தால் அவர் பராமரிப்பு ஊழியர், நிறுவனத்தின் ஆள். கையைக் கழுவிவிட்டுச் சமையலறைக்குள் போனால் கஜி ஷியோநின், சட்டத்துக்கு வெளியே. 2022-இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரப் பராமரிப்பை மட்டும் வேலை என்று கணக்கெடுத்து, அதிக வேலையால் சாகவில்லை என்று சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில், 2024-இல், உயர் நீதிமன்றம் இரண்டும் ஒரே வேலைதான் என்று ஏற்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. அவர் இறந்து ஒன்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். 2025 ஜனவரியில் அரசாங்கத்தின் நிபுணர் குழு ஒன்று, வீட்டுப் பணியாளருக்கும் இந்தச் சட்டத்தைப் பொருத்தும் வழியைப் பார்க்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

இந்தச் செய்திகளுக்குப் பத்து வருஷம் முன்பு, 2014-இல், சென்செய் எண்பது வயதில் தோக்கியோவில் இருந்தார். நகாஜிமா கியோகோவுக்கு நவோகி பரிசு வாங்கிக் கொடுத்த ‘சீசாய் ஒஉச்சி’ நாவலை யமாதா யோஜி படமாக எடுத்திருந்தார். போருக்கு முந்தைய தோக்கியோவில் ஒரு சிவப்புக் கூரை வீட்டில் ஜொச்சூவாக இருந்த தாகியின் கதை. தாகியாக நடித்த குரோகி ஹாருவுக்கு பெர்லினில் வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. சென்செய் என்னைக் கூட்டிப்போனார். படம் முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்தபோது, கைக்குட்டையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். “என் நேயாவின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யார் வேலைக்கு வந்தாலும் ஒரே பெயர்தான். அவள் போகிற அன்றைக்காவது கேட்டிருக்கலாம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உன் அம்மாவுக்கு இப்போது என்ன சொல் சொல்கிறாய்?” என்று கேட்டார். இருபது வருஷம் கழித்துக் கேட்டார். அம்மா வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அட்டை வாங்கியிருக்கிறாள் என்றேன். தமிழ்நாட்டில் 2007-இல் வந்த வாரியம் அது. அட்டை வந்த அன்று அம்மா போனில், “எங்களுக்கும் பணியாளர்னு போட்டுட்டாங்கடீ” என்றதைச் சொன்னேன். ‘பணியாளர்’ என்பதை ஜப்பானிய மொழியில் சென்செய்க்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அம்மாவை ஜப்பானுக்கு வா வா என்று இத்தனை வருஷமும் கூப்பிட்டேன். வரமாட்டாள். ஒரு மாதம் லீவு போட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள், பிறகு வீடு கிடைக்காது என்பாள். எழுபது வயதில் முழங்கால் மறுத்ததும்தான் கடைசி வீட்டை விட்டாள். போன வசந்தத்தில் வரச் சம்மதித்தாள். விசாவுக்கு நான் அழைப்புக் காரணப் பத்திரம் எழுத வேண்டும். ஜப்பானியத்தில் ஒரு தாள். வருகிறவரின் பெயர், பிறந்த தேதி, தொழில்.

தொழில் என்ற கட்டத்தின் முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, நீ இன்னா வேலை செய்றன்னு இதுல எழுதணும். வீட்டு வேலைக்கு இங்க நல்ல சொல் இருக்கு, அதை எழுதட்டுமா?”

“வேலைய வுட்டு நாலு வருசம் ஆவுதே. இல்லாத வேலைய எதுக்கு எழுதுற? சர்க்கார் பேப்பர்ல பொய் எழுதாதடீ.”

அம்மா வேலை செய்துகொண்டிருந்தபோது இல்லை என்று எழுதினேன். இப்போது எழுத ஆசைப்படுகிறேன், வேலை இல்லை. அவள் சொன்னதுதான் சரி. ‘முஷொக்கு’ என்று எழுதினேன். தொழில் இல்லை. தாளிலிருந்து பேனாவை எடுக்க மனசு வரவில்லை. பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அடைப்புக்குறி போட்டு, ‘மொதொ கசேஃபு’ என்று சேர்த்தேன். முன்னாள் கசேஃபு. கடைசி எழுத்துக்கு 11 கோடு. முதல் மூன்றில் பெண் முடிந்துவிடுகிறாள். துடைப்பத்துக்கு எட்டு. கட்டம் சிறியதாக இருந்ததால் கோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக இழுத்தேன்.

“இன்னாடி சத்தமே இல்ல? எழுதிட்டியா?”

“வேலை இல்லைன்னு எழுதிட்டேன். முன்னாடி இன்னா வேலை செஞ்சேன்னும் பக்கத்துல எழுதியிருக்கேன்.”

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“அந்தத் தொடப்பம் போட்ட எழுத்து ஒண்ணு காட்னியே, அதுவா?”

“அதேதாம்மா.”

“சரி, இருக்கட்டும்.”